ஏழு லட்ச ரூபாய்ல எடுத்த பேய்ப்படம் என்னை ராத்திரி பாத்ரூம் போக விடலை. ஏன்?

ரேழிவாசி எழுதியது:

முதல்லயே சொல்லிடறேன், பேய்ப்படத்துக்குப் பயப்படற ஆள் இல்ல நான். வெள்ளைப் புடவை, விரிச்ச தலைமுடி, சலங்கைச் சத்தம், கடைசியில அம்மன் சிலைக்கு முன்னாடி சூலத்தோட ஒரு சண்டை. இதையெல்லாம் முறுக்கு கடிச்சுக்கிட்டே பாத்து வளந்தவன். தியேட்டர்ல பேய் வந்தா முதல் விசில் என்னோடதாத்தான் இருக்கும்.

போன வியாழக்கிழமை ராத்திரி அந்தப் பெருமையெல்லாம் போச்சு.

வீட்டுக்காரி தலைப்பிரசவத்துக்குப் புதுக்கோட்டை போயிருக்கா. கும்பகோணத்துல தாத்தா காலத்து வீட்ல நான் மட்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லைன்னு ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணா நீளமா போற வீடு. பாத்ரூம் கொல்லைக் கோடியில. நடுவுல இருக்கற லைட்டுக்கு சுவிட்ச் அந்தக் கோடியிலதான், இந்தப் பக்கம் கிடையாது. எந்தப் புண்ணியவான் வயரிங் பண்ணினானோ. நான் படுக்கறது கூடத்தை ஒட்டின அறையில. பாட்டி அதை 'காமிரா உள்'னுதான் சொல்லுவா.

உரக்கடையில மாசக் கடைசிக் கணக்கை முடிச்சுட்டு வந்து, நாலு தோசை வாத்துத் தின்னுட்டு, மச்சினன் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை லேப்டாப்ல போட்டேன். தெரியாதவங்களுக்காக: ஓரன் பெலின்னு கம்ப்யூட்டர் கேம் புரோகிராம் எழுதற ஒருத்தர், அமெரிக்காவுல சான் டியேகோவுல சொந்த வீட்டுக்குள்ளயே 2006ல ஏழே நாள்ல எடுத்த படம். செலவு சுமார் 15,000 டாலர். அன்னைக்கு ரேட்டுக்கு ஏழு லட்சம் கூட வராது. எங்க தெருவுல ஒருத்தர் மாடியில ஒரு ரூமும் பாத்ரூமும் எடுத்துக் கட்டினதுக்கே அதுக்கு மேல ஆச்சு. படம் 2009ல பெரிய அளவுல வெளியாகி 19 கோடி டாலருக்கு மேல சம்பாரிச்சுச்சு.

படத்துல என்ன இருக்குன்னா, ஒண்ணுமே இல்ல. கல்யாணம் ஆகாத ஒரு ஜோடி. வீட்ல ஏதோ நடமாடுதுன்னு அந்தப் பொண்ணுக்குச் சந்தேகம். பையன் ஒரு கேமராவை ஸ்டாண்டுல நிறுத்தி, ரெண்டு பேரும் தூங்கறதை ராத்திரி பூரா பதிவு பண்றான். ஒரு பக்கம் கட்டில், இன்னொரு பக்கம் திறந்த கதவு, கதவுக்கு அப்பால இருட்டு நடை. மூலையில மணி ஓடிக்கிட்டிருக்கு. கேமரா அசையாது. அந்தக் கதவு, யாரும் தொடாம, நாலு விரற்கடை உள்ள வருது. அப்பறம் இருந்த இடத்துக்கே போயிடுது.

நான் எழுந்து போய் எங்க அறைக் கதவைச் சாத்தினேன். சாத்தினப்பறம்தான் தோணுச்சு, இது திறந்தா கிறீச்சுனு சத்தம் கேக்குமேன்னு. திரும்பத் திறந்து வெச்சேன். திறந்து வெச்சா ரேழி தெரியுது. பாதி சாத்தி, தேங்காய் எண்ணெய் டின்னை முட்டுக் குடுத்து வெச்சேன். முப்பத்தி நாலு வயசு எனக்கு.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்கு வந்துச்சு. போகலை. நாலரைக்குப் பால்காரர் சைக்கிள் மணி கேக்கற வரைக்கும் அடக்கிக்கிட்டு மல்லாக்கப் படுத்திருந்தேன்.

என் கேள்வி என்னன்னா, பேய் மேல எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்த வீடும் எங்க வீடு மாதிரி இல்ல. கார்ப்பெட்டும் மாடிப்படியுமா புது வீடு. பேயோட மூஞ்சியைக் காட்டலை, பின்னணி இசைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அப்பறம் என்னதான் என்னைப் பயமுறுத்துச்சு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. 'சார் நீங்க கோழை'ங்கறதை மச்சினன் ஏற்கெனவே சொல்லிட்டான்.


மஞ்சப்பை எழுதியது:

ஒரு மணி நேரம் ரெண்டு பேர் தூங்கறதைக் காட்டினாங்க. நானும் தூங்கிட்டேன். இதுல பயப்பட என்ன இருக்குன்னு நிஜமாவே புரியலை. பஸ்ல போகும்போது போன்ல பாத்தேன், அதையும் சொல்லிடறேன்.


பூம்_பிடிக்கற_கை எழுதியது:

மஞ்சப்பை, பஸ்ல பாத்தேன்னு நீங்களே காரணத்தைச் சொல்லிட்டீங்க. நன்றி.

ரேழிவாசி அண்ணே, நான் படப்பிடிப்புல லொகேஷன் சவுண்டு. பதினோரு வருஷமா நீளக் கம்பியில மைக்கைத் தொங்கவிட்டுக்கிட்டு, ஃப்ரேமுக்கு வெளில நிக்கற ஆள். எனக்குத் தெரிஞ்சது காது பக்கம்தான், அதைச் சொல்றேன்.

ஒரு வீட்ல ஷூட்டிங் முடிஞ்சதும் நாங்க ஒரு வேலை பண்ணுவோம். யூனிட்ல இருக்கற எல்லாரையும் நின்ன இடத்துலயே நிக்கச் சொல்லி, ஒரு நிமிஷம் அந்த ரூமோட சும்மா இருக்கற சத்தத்தைப் பிடிப்போம். ரூம் டோன்னு பேரு. எடிட்டிங்ல வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவுல அதை வெச்சு அடைப்பாங்க. சத்தமே இல்லாத ரூம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு ரூமும் ஒவ்வொரு மாதிரி முனகும். ஃப்ரிட்ஜ் ஓடினா டேக் கெட்டுப்போகும்னு ஆஃப் பண்ணுவோம். பேக்கப் பண்ணும்போது திரும்பப் போட மறந்துட்டா அந்த வீட்டுக்காரங்களோட பாலும் மீனும் நாறிடும். அதனால எங்க ஆளுங்க வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுடுவாங்க. கிளம்பணும்னா சாவியை எடுக்க அதைத் திறந்தே ஆகணும், ஞாபகம் வந்துடும்.

போரூர்ல ஒரு வாடகை வீட்ல குறும்படம் பண்ணினோம். ராத்திரி பதினொண்ணு, ஃப்ரிட்ஜ் ஆஃப், ஃபேன் ஆஃப், பன்னெண்டு பேர் சிலை மாதிரி நிக்கறாங்க. ஹெட்போன்ல எனக்கு மட்டும் கேக்குது, டக். ஆறு ஏழு செகண்ட் கழிச்சு டக். நான் மேல பாத்தேன். நான் பாக்கறதைப் பாத்து எல்லாரும் மேல பாத்தாங்க. அவங்க காதுக்கு ஒண்ணுமே கேக்கலை, ஆனா என் மூஞ்சியைப் பாத்தே அசிஸ்டென்ட் கேமராமேன் வெளில போயிட்டான். மொட்டை மாடித் தொட்டியில பந்து வால்வு ஒழுகுது, அவ்ளோதான். ஆனா அதைப் போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு ஒருத்தன் கூட தனியா வரலை.

இப்ப உங்க படத்துக்கு வர்றேன். இசை இல்லைன்னு சொன்னீங்க, சரிதான். ஆனா ஏதாவது நடக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடியில ஒரு தாழ்ந்த உறுமல் வரும். முதல் ரெண்டு ராத்திரி நீங்க அதைக் கவனிச்சிருக்க மாட்டீங்க. உடம்பு கவனிச்சிருக்கும். மூணாவது தடவை அது வரும்போது உங்களைக் கேக்காமலே தோள் இறுகிடும். 'இத்தனையாவது இரவு'ன்னு எழுத்து வர்றதும் இதே வேலையைத்தான் பண்ணுது. பள்ளிக்கூட மணி மாதிரி.

தாழ்ந்த சத்தம்னு சொன்னதும் யாராவது 'பத்தொன்பது ஹெர்ட்ஸ்'னு வந்துடுவாங்க, அதனால நானே சொல்லிடறேன். (ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுல எத்தனை தடவை அதிருதுங்கற கணக்கு.) விக் டான்டின்னு இங்கிலாந்துல ஒரு இன்ஜினீயர். லேப்ல ராத்திரி தனியா வேலை பாக்கும்போது சும்மாவே வேர்த்துச்சு, கண்ணோரத்துல சாம்பல் நிறத்துல ஒரு உருவம் தெரிஞ்சுச்சு. அவர் கத்திச்சண்டை விளையாடற ஆளு. மறுநாள் அந்தக் கத்தியைச் சரி பண்ண, இறுக்கிப் பிடிக்கற வைஸ்ல மாட்டி வெச்சா, யாரும் தொடாம அது அதிருது. தேடிப் பாத்தா, புதுசா மாட்டின காத்து வெளியேத்தற ஃபேன் 19 ஹெர்ட்ஸ்ல அதிர்வைக் கிளப்பிக்கிட்டிருந்திருக்கு. மனுஷக் காது கேக்கறது 20லேர்ந்துதான். 1998ல இன்னொருத்தரோட சேந்து இதைக் கட்டுரையா எழுதினார். எல்லா ஆராய்ச்சிக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். எப்படியோ, உங்க விஷயத்துல அதுக்குப் பங்கு கிடையாது அண்ணே. நூத்தம்பது ஹெர்ட்ஸுக்குக் கீழ போனாலே லேப்டாப் ஸ்பீக்கர் கையை விரிச்சுடும்.

உங்களுக்கு நடந்தது வேற. படம் ரொம்ப அமைதியா இருந்ததால வால்யூமை ஏத்தி வெச்சுக்கிட்டு, காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்திருப்பீங்க. அப்படித் தீட்டின காதுக்கு ஸ்பீக்கர் எது, வீடு எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. பல்லி, ஓட்டு மேல பூனை, முற்றத்துல சொட்டற குழாய், எல்லாம் படத்தோட டிராக்ல சேந்துடும். பெரிய படத்துல ரெண்டு மணி நேரமும் வயலின் கத்தும், உங்க வீட்டுப் பல்லிக்கு அங்க இடமே கிடைக்காது. இங்க பாதி சவுண்டு டிசைன் உங்க வீடு பண்ணியிருக்கு.

ஒண்ணு பண்ணுங்க. அதே கதவு சீனைச் சத்தத்தை மியூட் பண்ணிட்டுப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க.


ரேழிவாசி எழுதியது:

தம்பி, வீட்டுக் குழாய் சொட்டறது வரைக்கும் சரியா சொல்றீங்க. வாஷர் மாத்தணும்னு மூணு மாசமா சொல்லிக்கிட்டிருக்கா.

மியூட் பண்ணிப் பாக்கறேன். பகல்ல.


சாக்பீஸ் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. வயது அறுபத்தெட்டு. பேய்ப்படங்களைத் தேடித்தேடிப் பார்ப்பேன் என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றிச் சொன்ன தம்பியோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. மீதிக் கால்வாசியைச் சொல்கிறேன்.

1963இல் வந்த 'தி ஹான்டிங்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரைப்படச் சங்கத்தில் போட்டார்கள். ஒரு நாவலை வைத்து ராபர்ட் வைஸ் இயக்கியது. அதற்கு முன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', அதற்குப் பின் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த அதே மனிதர்தான். அந்தப் படத்தில் ஒரு பேயைக்கூடக் கண்ணில் காட்ட மாட்டார்கள். மூடிய கதவு ஒன்று உள்பக்கமாக உப்பும், மூச்சு வாங்குவதுபோல. பலகைகளை ஒட்டிச் செய்த கதவு, பின்னால் ஆள் நின்று தள்ளியது, அவ்வளவுதான். வீட்டின் சுவர்கள் கொஞ்சம் வளைந்து தெரிய வேண்டும் என்பதற்காக, கோணல் காட்டும் ஒரு லென்ஸைக் கேட்டு வாங்கினாராம். இது இன்னும் சரிவரத் தயாராகவில்லை, பிம்பம் கோணலாக வரும் என்று பனாவிஷன் நிறுவனத்தார் தயங்க, 'தெரிந்துதான் வாங்குகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். குறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதில் ஓர் இடம். ஓர் அறை, இரண்டு பெண்கள். இருட்டு. சுவருக்கு அப்பாலிருந்து முணுமுணுப்பு. ஒருத்தி பயந்து அடுத்தவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கை அவள் கையை இறுக்குகிறது, வலிக்கும்படி இறுக்குகிறது. கடைசியில் அவள் கத்த, விளக்கு எரிகிறது. அடுத்தவள் எட்டாத தூரத்தில் தன் கட்டிலில் கிடக்கிறாள்.

இதில் பேய் எங்கே? எனக்குத் தெரிந்தது கூட்டல் கழித்தல்தான். இரண்டு பேர், நான்கு கைகள். அந்த அறையில் அந்தக் கணக்கை முதலிலேயே நம் மனதில் பதிய வைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு கை உபரி. அந்த ஒன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனம் தவிக்கிறது. நீங்கள் பார்த்த படத்திலும் அதேதான். ஒரே கோணத்தில் அந்த அறையை அத்தனை முறை காட்டி, கட்டில் இங்கே, கதவு இங்கே, வெளிச்சம் இவ்வளவு என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்கள். மனப்பாடம் ஆன பிறகுதான் நான்கு விரற்கடை. பத்துக் கோட்டை, இருபது காடு என்று காட்டுகிற படத்தில் எந்தக் கதவு எங்கே இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? கையில் காசு இல்லாததால் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற படத்துக்கு இந்த ஒரு வசதி உண்டு.

அதே நாவலை 1999இல் மறுபடியும் எடுத்தார்கள். எட்டுக் கோடி டாலர் செலவு. கணினியில் சிலைகள் அசைந்தன, தூண்கள் முறைத்தன, படுக்கையே எழுந்து ஆளைப் பிடித்தது. நான் பார்த்துக்கொண்டே பூண்டு உரித்தேன்.

என் பாட்டி பேய்க்கதை சொல்லுவாள், கரண்ட் இல்லாத வீட்டில், சிம்னி வெளிச்சத்தில். பேய் எப்படி இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'அடுக்களையில அம்மி அரைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. உங்க பெரியம்மா அரைக்கிறான்னு நானும் படுத்திருந்தேன். அப்புறம் பெரியம்மா என் பக்கத்துல திரும்பிப் படுத்தா.' அவ்வளவுதான் கதை. விளக்கைத் தணித்துவிட்டுப் போய்விடுவாள். உபரிக் கையின் கணக்கும் இதுவும் ஒன்றுதானே.


ரேழிவாசி எழுதியது:

டீச்சர், கும்பிடறேன். நீங்க கணக்குன்னு சொன்னதும்தான் எனக்கு எங்கயோ சுருக்குனு பட்டுச்சு.

நான் கணக்கு எழுதறவன். கடையில ஒரு லட்ச ரூபா குறைஞ்சா எனக்குப் பயம் கிடையாது, கோவம்தான் வரும். எவனோ எடுத்துட்டான், யாருன்னு கண்டுபிடிக்கணும், போலீஸுக்குப் போலாம், முதலாளிகிட்ட சொல்லலாம். ஆனா பத்து ரூபா இடிச்சுதுன்னு வைங்க. ரொக்கம் சரி, பில் சரி, பேரேடு சரி, கூட்டினா மட்டும் பத்து ரூபா அதிகமா நிக்குது. அதிகமா! எவனும் வந்து பத்து ரூபாயை உள்ள போட்டுட்டுப் போக மாட்டான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்காது. திரும்பத் திரும்ப முதல் பக்கத்துலேர்ந்து வருவேன்.

சூலம், சலங்கை, தீப்பந்தம் எல்லாம் லட்ச ரூபா திருட்டு. இந்தக் கதவு பத்து ரூபா.


டெலிவரி_தம்பி எழுதியது:

'பீட்சா' பாக்காதவங்க இந்தப் பதிவைத் தாண்டிப் போயிடுங்க, முடிவைச் சொல்லப் போறேன். 2012ல வந்த படம், இன்னும் பாக்கலைன்னா அது உங்க தப்பு.

நம்பிக்கை இல்லாம எப்படிப் பயம் வரும்னு கேட்டீங்கல்ல. கார்த்திக் சுப்புராஜோட முதல் படம். விஜய் சேதுபதி பீட்சா குடுக்க ஒரு பங்களாவுக்குப் போய் மாட்டிக்குவார். கரண்ட் போயிடும். கையில ஒரு டார்ச். டார்ச் வெளிச்சம் விழற வட்டம் மட்டும்தான் நமக்குத் தெரியும், மீதி ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பு. செட்டுக்குச் செலவு பண்ணக் காசு இல்லைன்னா இதைவிட நல்ல வழி கிடையாது. வட்டத்துக்கு வெளில இருக்கற பங்களாவை நாமளே கட்டிக்கறோம்.

கடைசியில என்ன? பங்களா கதை மொத்தமும் அவர் முதலாளியை ஏமாத்த விட்ட கப்ஸா. வைரத்தை அமுக்கறதுக்குச் சொன்ன பொய். அந்த வீட்ல பேயே கிடையாது. நான் முதல் தடவை பாத்தப்ப பயந்ததுல அர்த்தம் இருக்கு. ஆனா முடிவு தெரிஞ்சு, பொய்னு தெரிஞ்சு, ரெண்டாவது தடவை நண்பனோட போனேன். அதே இடத்துல அதே மாதிரி அவன் கையைப் பிடிச்சேன். (உபரிக் கை இல்ல டீச்சர், அவன் கைதான். செக் பண்ணிட்டேன்.)

அப்ப நான் சாப்பாடு டெலிவரியில இருந்தேன். படம் பாத்த வாரம் ராத்திரி பதினொண்ணரைக்கு ஒரு ஆர்டர். பழைய தனி வீடு, கேட்லேர்ந்து வாசல் வரைக்கும் மாமரம், லைட் இல்ல. 'உள்ள வந்து குடுத்துட்டுப் போப்பா'ன்னு ஒரு பாட்டி குரல். நான் கேட்லயே நின்னு, 'பாட்டி, நீங்களே வாங்க'ன்னேன். பாவம், வாக்கரைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. இன்னைக்கு நினைச்சாலும் வெக்கமா இருக்கு. ரேட்டிங்ல ஒரு ஸ்டார் குடுத்தாங்க, நியாயம்தான்.


வாடகைவீடு எழுதியது:

எல்லாரும் கதவு, சத்தம்னே பேசறீங்க. எனக்கு இந்தப் படங்கள்ல முதல்ல வர்ற கேள்வி: ஏன் வீட்டைக் காலி பண்ண மாட்டேங்கறாங்க?

பங்களாப் படங்கள்ல இதுக்குப் பதிலே இருக்காது. பணக்காரன், வேற வீடு வாங்கலாம், போகவே மாட்டான். அங்கயே என் பயம் போயிடும். ரேழிவாசி பாத்த படம் அந்த ஓட்டையை ஆரம்பத்துலயே அடைச்சுடுது. ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து கேப்பாங்க, அவர் 'இது வீட்டைப் பிடிச்சது இல்ல, சின்ன வயசுலேர்ந்து இந்தப் பொண்ணு பின்னாடி வருது, எங்க போனாலும் வரும்'னு சொல்லிட்டுப் போயிடுவார். முடிஞ்சுது.

2022ல ஓடிடியில வந்த மலையாளப் படம் 'பூதகாலம்' பாத்திருக்கீங்களா? ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா, பிள்ளை. பாட்டி செத்துப்போன வீடு. நம்ம ஊர் நடுத்தர வீடு மாதிரியே கிரில் கதவு, டைனிங் டேபிள், மாத்திரை டப்பா. பிள்ளைக்கு என்னமோ தெரியுது, கேக்குது. சொன்னா 'குடி, மனசு சரியில்ல, வேலை வெட்டி இல்ல'ன்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. பேயைவிட, சொன்னா நம்ப ஒருத்தர் இல்லைங்கறதுதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. நடுராத்திரி பாதியில நிறுத்திட்டு மறுநாள்தான் மீதியைப் பாத்தேன்.

வேளச்சேரியில நாங்க குடிபோன வீட்ல, பத்து மாச அட்வான்ஸ் குடுத்து, பெயிண்ட் வாசனை போகறதுக்குள்ள குடிபோன வீட்ல, அடுக்களைக் கதவு நிலையில பென்சில் கோடுகள் இருந்துச்சு. முன்னாடி இருந்தவங்க குழந்தையோட உயரம். கோட்டுக்குப் பக்கத்துல தேதி. மூணு மாசத்துக்கு ஒண்ணு, ஒழுங்கா, நல்ல கையெழுத்து. என் இடுப்பு உயரத்துல ஒரு கோட்டோட நின்னுடுச்சு. அதுக்கு அப்பறம் அவங்க ஒன்றரை வருஷம் அதே வீட்லதான் இருந்தாங்கன்னு கீழ் வீட்டு அக்கா பேச்சுவாக்குல சொன்னாங்க. குழந்தையைப் பத்தி நான் கேக்கலை. அவங்களும் சொல்லலை. ஹாஸ்டல்ல சேத்திருக்கலாம், பென்சில் தொலைஞ்சிருக்கலாம். நாலு வருஷம் அந்த வீட்ல இருந்தேன், அந்தக் கோட்டைத் துடைக்க எனக்குக் கை வரலை.


மஞ்சப்பை எழுதியது:

ஏங்க, நான் சும்மா கிண்டல் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன். இப்ப எங்க வீட்டு நிலையைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். கோடு எதுவும் இல்ல.


ரேழிவாசி எழுதியது:

ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாம்பார் சாதம் உள்ள போன தெம்புல, மச்சினனைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு மியூட்ல பாத்தேன்.

பூம் தம்பி, நீங்க சொன்னது சரிதான், பயம் பாதிக்கு மேல குறைஞ்சுடுச்சு. முழுசா போகலை. ஒண்ணு கவனிச்சேன்: சத்தம் இல்லாதப்பவும் என் கண்ணு கட்டில்ல படுத்திருக்கற ரெண்டு பேர் மேல ஒரு தடவை கூடப் போகலை. கதவுலயே நிக்குது. அந்தப் பொண்ணு எழுந்து கட்டில் பக்கத்துல மணிக்கணக்கா நின்னுக்கிட்டே இருக்கற இடம் வருதே, படத்தை வேகமா ஓட்டிக் காட்டுவாங்களே, அதை மச்சினன் 'மாமா, மாமா'ன்னு காட்டினப்பறம்தான் பாத்தேன். நான் அப்பவும் கதவைத்தான் காவல் காத்துக்கிட்டிருந்தேன். இதுக்கு டீச்சர்கிட்ட விளக்கம் இருக்கும்.

ஆனா நான் இப்ப எழுத வந்தது அதுக்கு இல்ல. முதல் பதிவுல ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன். இவ்வளவு பேர் வெக்கத்தை விட்டு எழுதினப்பறம் நானும் சொல்லிடறேன்.

படத்துல அந்தப் பையன் நடையில பவுடரைக் கொட்டி வெப்பான். விடியறதுக்குள்ள மூணு விரல் காலடி பதிஞ்சிருக்கும், மனுஷக் கால் இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் கொட்டினேன். வீட்டுக்காரியோட சந்தன பவுடர், புது டப்பா, அடுக்களை வாசல்லேர்ந்து காமிரா உள் வரைக்கும். ஏன் பண்ணினேன்னு கேக்காதீங்க. கணக்கு இடிச்சா முதல்லேர்ந்து வர்ற புத்தி.

காலையில பாத்தா, காலடி இருக்கு.

ஒரு நிமிஷம் கூடத்துத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பறம் குனிஞ்சு பாத்தேன். பட்டாணி அளவுக்குக் குட்டிக் குட்டியா, ஜோடி ஜோடியா, நடுவுல நூல் மாதிரி வால் இழுத்த கோடு. மூஞ்சூறு. அடுக்களையிலேர்ந்து கிளம்பி, கூடத்துல ஒரு வளைவு போட்டு, பூஜை அலமாரிக்கு அடியில போய் முடிஞ்சிருக்கு. அரிசி மூட்டையைத் தூக்கி மேல வைக்கணும்னு நினைச்சுக்கிட்டேன். அந்த வாரத்துல முதல் தடவையா நிம்மதியா பல் தேச்சேன்.

பெருக்கறதுக்குள்ள, பாத்திரம் தேய்க்க வர்ற பெரியம்மா கொல்லை வழியா உள்ள வந்துட்டாங்க. தரையைப் பாத்தாங்க. மிதிக்காம, புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓரமாவே நடந்து வந்தாங்க. வெள்ளைத் தரை, அதுல பூஜை அலமாரி வரைக்கும் சின்னச் சின்னக் காலடி.

'கிருஷ்ண ஜெயந்திக்கு இன்னும் நாள் கிடக்கே தம்பி. அதுக்குள்ள என்ன அவசரம், அவ புள்ளையைப் பெத்துக்கிட்டு வரட்டும்'னாங்க.

ஆமாம்னு சொல்லிட்டேன். பவுடர் டப்பா ஒண்ணு புதுசா வாங்கி வைக்கணும்.